மண்டபத்திலிருந்து மதுரை காந்தி மியூசியம்: 42 பிள்ளைகளோடு ஒரே நாளில் முடியுமா?

கடலோர வாத்தியார்:
வணக்கம். மண்டபம் பக்கம் அரசுப் பள்ளி, எட்டாம் வகுப்பு. பிள்ளைகள் 42 பேர், ஆசிரியர்கள் நான்கு பேர். அமைதி, அகிம்சை பாடத்தை ஒட்டி மதுரை காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகத் திட்டம். இரவு எட்டுக்குள் ஊர் திரும்ப வேண்டும். ரயிலா, பஸ்ஸா? உள்ளே எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த அந்தத் துணியைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? பெற்றோரில் பாதிப் பேர் "அப்படியே மீனாட்சி அம்மன் கோயிலும்" என்கிறார்கள். நேரம் இருக்குமா?

தமுக்கம் தெற்கு:
கோயிலை இப்போதே விட்டுவிடுங்கள். நடை பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறப்பார்கள். நான்கு மணிக்கு நீங்கள் மதுரையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். இதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது. இல்லையென்றால் பிள்ளைகள் பஸ்ஸில் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வருவார்கள்.

பஸ்தான் சரி. ரயிலில் வந்தால் ஜங்ஷனிலிருந்து மியூசியம் இருக்கும் தமுக்கத்துக்கு 42 பிள்ளைகளை டவுன்பஸ்ஸில் ஏற்றி இறக்க வேண்டும், அதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். மண்டபத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நாலுவழிச் சாலை. உங்கள் பக்கம், அதாவது பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை, இருவழிதான். தாமதம் எல்லாம் அந்தத் துண்டில்தான் வரும். காலை ஆறுக்குக் கிளம்பினால் வழியில் இருபது நிமிடம் நிறுத்தினாலும் பத்துக்குள் வந்து சேரலாம். காலை நேரத்தில் தெப்பக்குளம், காமராசர் சாலை வழியாக ஊருக்குள் நுழையாதீர்கள். விரகனூரில் ரிங்ரோடு பிடித்து மாட்டுத்தாவணி, கே.கே.நகர் என்று வந்தால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் இறங்கிக்கொள்ளலாம்.

இப்போது உள்ளே ஆகும் நேரம். மியூசியம் காலை 10 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 5.45 வரை. நடுவில் ஒரு மணி நேரம் அடைப்பு. பள்ளிக் குழுக்கள் கோட்டை விடுவது இங்கேதான். விடுதலைப் போராட்டக் கூடத்தில் மட்டும் 265 படங்கள். ஒன்றுக்கு இருபது வினாடி என்று வைத்தாலும் 88 நிமிடம் ஆகிறது. அடுத்து காந்தியின் வாழ்க்கைப் படங்கள் 124, அதற்கு 41 நிமிடம். பதினொன்றுக்கு உள்ளே நுழையும் குழு முதல் கூடத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, அவர் கையால் தொட்ட பொருள்கள் இருக்கும் கூடத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டமாகப் பார்த்துவிட்டு வெளியே வரும். முதல் கூடத்துக்கு 40 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். ஆசிரியர் முன்கூட்டியே பன்னிரண்டு படங்களைக் குறித்துவைத்துக்கொண்டு அங்கே மட்டும் நின்று பேசட்டும்.

வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் வேண்டாம். அதே வளாகத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. உங்கள் கரையில் வெள்ளி ஜும்மா இருக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். அக்டோபர் 2, ஜனவரி 30 இரண்டும் கூட்ட நாள், குழுவாக நின்று பேச முடியாது. பராமரிப்பு வேலைக்காக ஏதாவது கூடத்தைப் பூட்டியிருக்கிறார்களா என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

ராட்டைக்காரன்:
டீச்சரா சாரா தெரியவில்லை, மன்னிக்கவும். துணி பற்றிய கேள்விக்கு என் பதில்: காட்டுங்கள், ஆனால் முன்னால் தயார்ப்படுத்தாமல் காட்டாதீர்கள்.

1948 ஜனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணியின் பகுதி அது. கண்ணாடிப் பேழைக்குள், மங்கிய வெளிச்சத்தில் இருக்கும். பழைய துணிக்கு வெளிச்சம் எமன். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் அளவுக்குமேல் ஒளி விடக்கூடாது என்பது பொதுவான கணக்கு. இருட்டு நாடகத்துக்காக இல்லை, துணி பிழைக்க வேண்டும் என்பதற்காக. செல்போன் ஃபிளாஷ் கூடாது என்பதும் அதனால்தான். வெயிலிலிருந்து நேரே உள்ளே வரும் பிள்ளைக்கு முதல் இரண்டு, மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது. வாசலில் கொஞ்சம் நிறுத்தி, கண் பழகியபின் பத்துப் பத்துப் பேராக விடுங்கள்.

பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் கேள்வி: "ரத்தம் எங்கே சார்?" சிவப்பை எதிர்பார்த்து வருவார்கள். கறை பழுப்பாக இருக்கும். விரல் அறுபட்டுக் கட்டிய துணி மறுநாள் பழுப்பாகுமே, அதேதான். ரத்தத்தில் உள்ள இரும்பு காற்றுப் பட்டு நிறம் மாறுகிறது. இதை வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பேழைமுன் கூச்சலும் இருக்காது, "இது டூப்பு" என்ற பேச்சும் வராது. டூப்பு என்றதும் இன்னொன்று: மியூசியத்தில் அவர் பயன்படுத்திய அசல் பொருள்கள் 14 உண்டு, மாதிரிகளும் உண்டு. எது அசல், எது மாதிரி என்று லேபிளைப் பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். வேறு எந்தக் கேள்வித்தாளும் தேவைப்படாது.

நானாக இருந்தால் பயணம் முழுக்கத் துணியையே நூலாகப் பிடிப்பேன். காந்தி சட்டையைக் கழற்றி அரைவேட்டிக்கு மாறியதும் மதுரையில்தான். 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதி வீட்டில் எடுத்த முடிவு. முதலில் அக்டோபர் 31 வரை என்றுதான் அறிவித்தார், பிறகு ஆயுள் முழுக்க அதுவே உடையாகிவிட்டது. உடுக்கத் தொடங்கிய ஊரிலேயே கடைசியாக உடுத்தியதும் இருக்கிறது. வழியில் பரமக்குடி நெசவாளர் ஊர் என்பதைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம்.

கடிதங்களில் இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று தேவகோட்டைக்காரர் ஒருவருக்கு காந்தி எழுதியது. தேவகோட்டை அன்றைக்கு ராம்நாடு ஜில்லா, ஆகவே உங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரக் கடிதம். மற்றொன்று ஹிட்லருக்கு எழுதியது, "அன்பு நண்பரே" என்று தொடங்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1939 ஜூலை 23 தேதியிட்டது, பிரிட்டிஷ் அரசு போகவிடவில்லை. ஆறு வாரத்துக்குள் போர் மூண்டது. "போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள், மீதியை அவர்களே பேசுவார்கள்.

குந்துகால்:
ஏன் சார் அவ்வளவு தூரம்? ராமேஸ்வரம் பக்கம் பேக்கரும்புல கலாம் நினைவிடம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு. 2017 ஜூலை 27ல திறந்தது. குந்துகால்ல விவேகானந்தர் 1897 ஜனவரி 26 கரையேறின இடம். ரெண்டையும் அரை நாள்ல முடிச்சிடலாம், பஸ் செலவும் மிச்சம். பேக்கரும்புல உள்ள போன், கேமரா விடமாட்டாங்க, பிள்ளைங்க கையில எதையும் கொடுத்து விடாதீங்க.

மதுரைக்குத்தான்னா ரெண்டு விஷயம். ஒப்புதல் படிவத்தை விசைப்படகு கரையில இருக்கிற நாள்ல கொடுத்து விடுங்க. கடலுக்குப் போன நாள்ல கொடுத்தா அப்பா கையெழுத்து வராது, கடைசி நாள்ல பிள்ளைங்களே போட்டுட்டு வருவாங்க. அப்புறம் சாப்பாடு: புளிச்சோறு கட்டுங்க, ஒரு மணி வரைக்கும் தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், பஸ் வெக்கையில பத்து மணிக்கே ஊசிப்போயிடும். பஸ் ஒத்துக்காத பிள்ளைங்களுக்கு முன் சீட்டு, காலையில பூரி கொடுக்காம இட்லி, கையில ஒரு கவர்.

ராட்டைக்காரன்:
குந்துகால் அண்ணே, கலாம் நினைவிடத்தில் ராக்கெட், ஏவுகணை மாதிரிகள் இருக்கிறதே. அமைதிப் பாடத்துக்கு அதை மட்டும் காட்டினால் பிள்ளை குழம்பிவிடும். இரண்டையும் காட்டினால் நல்ல விவாதம் வரும். அதே மனிதர் போலியோ பாதித்த பிள்ளைகளின் காலுக்கு எடை குறைந்த காலிப்பர் (நடக்க உதவும் தாங்கி) வருவதற்கும் காரணமாக இருந்தவர். மதுரை போய்வந்த பிறகு வேறொரு வாரத்தில் பேக்கரும்பு என்று வையுங்கள்.

கடலோர வாத்தியார்:
நன்றி ஐயா, எல்லோருக்கும். (டீச்சர்தான்!) இரண்டு சந்தேகம். மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? மேலமாசி வீதி வீட்டையும் சேர்க்க முடியுமா?

தமுக்கம் தெற்கு:
சாப்பாட்டுக்கு மியூசியத்தை ஒட்டியே ராஜாஜி சிறுவர் பூங்கா இருக்கிறது, டீச்சர். 12.45க்கு வெளியே வந்துவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் நிழல் பிடிக்கலாம். குப்பைக்கு இரண்டு பெரிய பை கொண்டுவாருங்கள். இரண்டு மணிக்கு மேல் அரசு அருங்காட்சியகம் ஒரு மணி நேரம் போதும். காந்தி மியூசியம் இருப்பதே ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையாக இருந்த கட்டடத்தில்தான் என்பதை வெளியே நின்று காட்டிவிடுங்கள், உள்ளே போனால் மறந்துவிடும்.

மேலமாசி வீதியில் பஸ் நிறுத்தவே முடியாது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இறக்கிவிட்டு 42 பேரைக் கடைவீதியில் நடத்த வேண்டும், இந்தப் பயணத்தில் வேண்டாம். அதற்குப் பதில் திரும்பும்போது மட்டும் ஊருக்குள்ளே, காமராசர் சாலை வழியாகப் போங்கள். மூன்று மணிக்குக் கிளம்பினால் பள்ளிக்கூடம் விடும் நெரிசலுக்கு முன்னால் தாண்டிவிடலாம். அங்கேதான் காந்திப் பொட்டல், அரைவேட்டியோடு அவர் முதன்முதலாக மக்கள் முன் நின்ற இடம், சிலை உண்டு. வண்டியை நிறுத்த இடம் கிடையாது. டிரைவரிடம் முன்பே சொல்லிவைத்தால் மெதுவாக உருட்டுவார், அந்த அரை நிமிடத்தில் ஜன்னல் வழியாகக் காட்டிவிடலாம். அப்படியே தெப்பக்குளம் தாண்டி விரகனூர் போய்விட்டால் ராமநாதபுரம் ரோடு வந்துவிடும்.