தும்மலும் பறவைதான்! கிரேக்கச் சகுனச் சொற்களை எங்கே சந்தித்தீர்கள்?

பண்டைய கிரேக்கம் படிப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். சகுனத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொற்களில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எது? முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கிரேக்கப் படைவீரரும் எழுத்தாளருமான செனபோன் தன் படை அனுபவத்தைச் சொல்லும் 'அனபாசிஸ்' வாசித்துக்கொண்டிருந்தேன். கி.மு. 401. கூலிக்குப் போன கிரேக்கப் படை பாரசீக மண்ணில் மாட்டிக்கொண்டிருக்கிறது. தளபதிகளை வஞ்சகமாகப் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். தெய்வத் துணையோடு தப்பிக்க வழி உண்டு என்று செனபோன் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவன் தும்முகிறான். நம் வீடுகளில் என்றால், கிளம்பியவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். அங்கேயோ மொத்தப் படையும் ஒருசேரக் கடவுளை வணங்குகிறது. இது காக்கும் கடவுள் ஜியூஸின் சகுனம், பலி நேர்ந்துகொள்வோம், சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்கிறார் செனபோன். எல்லாரும் தூக்குகிறார்கள்.

ஆங்கிலத்தில் 'ஓமன்' என்று இருந்தது. கிரேக்கத்தில் 'ஒயோனோஸ்'. அகராதியைப் பார்த்தால் முதல் பொருளே கழுகு, பருந்து போன்ற பெரிய பறவை! அந்தப் பறவைகள் பறக்கும் திசையைப் பார்த்தே குறி சொன்னதால், பிறகு எந்தச் சகுனத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. கி.மு. 414-இல் மேடையேறிய அரிஸ்டோபனிஸின் 'பறவைகள்' நாடகத்தில் பறவைகளே இதைச் சொல்லிக் காட்டுகின்றன: தும்மினாலும் பறவை என்கிறீர்கள், வழியில் யாரையாவது சந்தித்தாலும் பறவை, கழுதையும் பறவை! அங்கே வரும் சொல் 'ஓர்னிஸ்', சாதாரணமாகப் பறவையைக் குறிப்பது. நாடகத்தில் சிரிப்புக்காகச் சொன்னது, செனபோனிடம் உயிர் போகிற நேரத்தில் அப்படியே வருகிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டவே எனக்கு மனம் வரவில்லை.

* * *

அருமையான பகிர்வு நண்பரே. நான் சிக்கிய இடம் ஹோமரின் காவியமான ஒடிசியின் 20-ஆம் பாடல்.

பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டிலேயே படுத்திருக்கும் ஒடிசியஸ், விடியும் நேரத்தில் ஜியூஸிடம் இரண்டு அடையாளம் கேட்கிறான். வெளியே ஓர் அற்புதம், அதற்குச் சொல் 'தெராஸ்'. உள்ளே யாராவது ஒருவர் வாயிலிருந்து ஒரு பேச்சு, அது 'ஃபேமே'. உடனே இடி இடிக்கிறது. மாவரைக்கும் 12 பெண்களில் மற்றவர்கள் வேலை முடித்துத் தூங்கிவிட்டார்கள். இருப்பதிலேயே பலவீனமான ஒருத்தி மட்டும் இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். இடியைக் கேட்டதும் திரிகையை நிறுத்தி, எஜமானியை மணக்க வந்து தங்கி என் முழங்காலை ஒடித்த இந்த ஆட்களுக்கு இன்றைய விருந்தே கடைசியாக இருக்கட்டும் என்கிறாள். யார் காதில் விழுகிறது என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பேச்சை ஹோமர் 'கிளெடோன்' என்கிறார்.

ஆங்கிலத்தில் புழங்கும் ஒற்றைச் சொல் இதற்கு அமையவில்லை. நம்மிடம் 'விரிச்சி' இருக்கிறதே! முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி நற்சொல்லுக்காகக் காத்து நிற்க, ஆயர்மகள் ஒருத்தி கன்றிடம் 'இன்னே வருகுவர் தாயர்' என்பாளே, அதுவும் இதுவும் ஒன்றுதான். அப்புறம், சங்கப் பாடல்களில் 'புள்' என்றாலும் பறவை, சகுனம் இரண்டும் உண்டு.

* * *

நீங்கள் இருவரும் வெளியிலிருந்து வருவதைச் சொன்னீர்கள். உள்ளுக்குள் தோன்றுவதற்கு ஆங்கிலத்தில் 'பிரிமோனிஷன்', 'ஃபோர்போடிங்' என்று இரண்டு உண்டு. முன்னது லத்தீன் வழி வந்தது, முன்கூட்டி எச்சரிப்பது. பின்னது பழைய ஆங்கிலம். தூதன் சேதி சொல்வதுதான் அதன் வேர். ஹோமருக்கு இது கண்ணோடு சேர்ந்த விஷயம். தெப்பம் உடைந்து இரண்டு பகல் இரண்டு இரவு கடலில் தத்தளிக்கும் ஒடிசியஸின் இதயம், அழிவைப் பலமுறை எதிரே 'பார்த்தது' என்றே ஐந்தாம் பாடலில் வருகிறது. மொழிபெயர்க்கும்போது 'மனசு என்னவோ சொன்னது' என்று கைக்கு வந்ததை எழுதிவிடுகிற பழக்கத்தை இந்த ஒரு வரிக்காகவே விட்டேன்.

சாக்ரடீஸின் 'டைமோனியோன்' பற்றி யாராவது எழுதுங்களேன். தடுக்க மட்டுமே செய்யும், ஒருபோதும் ஏவாது என்று அவரே நீதிமன்றத்தில் சொன்ன அந்தக் குரல், இதில் எந்தப் பக்கம் சேரும்?