பழையதைத் தொடும் கைகள்: நேரில் கண்டதைச் சொல்கிறோம்

கிளிநொச்சியிலிருந்து

2024 டிசம்பரில் ஒல்லாந்தில் இருக்கும் தங்கையிடம் போயிருந்தேன். ஒரு நாள் பெறாமகள் என்னை ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் சென்றாள். "பெரியம்மா, ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவோம்" என்றாள். அன்று நாங்கள் கடைக்குப் போகவேயில்லை.

அந்தப் படம் ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் 1642இல் வரைந்து முடித்த 'இராக்காவல்'. ஏறக்குறைய 3.8 மீற்றர் உயரம், நாலரை மீற்றர் அகலம். பெயரில் இரவு இருந்தாலும் அது பகற்காட்சிதானாம். மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்ததால் பார்த்தவர்கள் இரவென்று எண்ணிவிட்டார்கள். 2019 முதல் அதைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி, மக்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஆராய்ந்து வருகிறார்கள். வார்னிஷை அகற்றும் வேலை நான் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொடங்கியிருந்தது.

உள்ளே ஒரு பெண் கண்ணில் உருப்பெருக்கி மாட்டிக்கொண்டு இருந்தார். கரைப்பான் தொட்ட மெல்லிய துணித்தாள் ஒன்றைப் படத்தின்மேல் வைத்தார், பொறுத்தார், எடுத்தார். பிறகு சிறு குச்சியில் சுற்றிய பஞ்சை அதே இடத்தில் உருட்டினார். தேய்க்கவில்லை, உருட்டினார். ஒவ்வொரு முறையும் பஞ்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேறு பஞ்சு எடுத்தார். நான் நின்ற நேரம் முழுவதும் அவர் கை ஓர் உள்ளங்கை அகலத்தைத் தாண்டவில்லை. நெல்லில் கல் பொறுக்கும் அம்மாவின் கை நினைவுக்கு வந்தது. ஆனால் அம்மாவுக்கு உலை கொதிக்கிறதே என்ற அவசரம் இருக்கும். இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

அந்தப் படம் பட்ட பாட்டைப் பெறாமகள் சொல்லிக்கொண்டே வந்தாள். 1715இல் நகர மண்டபச் சுவரில் அடங்கவில்லையென்று நான்கு பக்கமும் வெட்டியிருக்கிறார்கள். 1975இல் ஒருவன் கத்தியால் கிழித்தான், 1990இல் இன்னொருவன் அமிலம் வீசினான். இரண்டாம் உலகப் போரின்போது அதைச் சுருட்டி இடம் இடமாகக் கொண்டுபோய், கடைசியில் மாஸ்திரிக்ட் அருகே குகைக்குள் வைத்திருந்தார்கள்.

"இதுவும் இடம்பெயர்ந்ததா?" என்று கேட்டுவிட்டேன். அதற்குமேல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2009 ஜனவரியில் விசுவமடுவில் எங்கள் படத் தொகுப்புகள் இரண்டைப் பொலித்தீனில் சுற்றி, உரப்பையில் போட்டுக் கட்டிப் புதைத்தோம். திரும்பி வந்து தோண்டியபோது ஈரம் இறங்கிக் காய்ந்து, படங்கள் செங்கல்போல ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கிடைத்துவிட்டதே என்ற பதற்றத்தில் நானே அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன். ஐயாவின் முகம் அவர் படத்திலிருந்து கழன்று, அடுத்த படத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஐயாவின் வேறு படம் எங்களிடம் இல்லை.

படத்தாளின் மேற்பரப்பு ஜெலற்றின். நனைந்தால் ஊதிக் குழையும், காய்ந்தால் தொட்டதோடு பசையாக இறுகும். அப்படி இறுகியதை உலர்ந்தபடியே பிரிக்கக் கூடாது, சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்துத் தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். 2011இல் ஜப்பானில் கடல்கோள் வந்தபின் தொண்டர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைத் தண்ணீரில் அலசி எடுத்துக் காயவிட்டார்களாம். இதையெல்லாம் நான் பிந்தித்தான் அறிந்தேன். ஐயாவின் படத்தைப் புதைகுழி பாதி காப்பாற்றித் தந்திருந்தது. மிச்சத்தை அழித்தது என் அவசரம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 'இராக்காவலின்' வெட்டிப்போன ஓரங்களைக் கணினியால் ஊகித்து அச்சிட்டு, 2021இல் அந்தப் படத்தைச் சுற்றி மாட்டிக் காட்டினார்களாம். மூலத்தில் ஒட்டவில்லை. சில மாதங்களில் கழற்றிவிட்டார்கள். இழந்தது இழந்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, இருப்பதில் கை வைக்காமல் இருந்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

நான் பிரிக்காத இரண்டாவது கட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலையைக் கண்டவர்கள் வேறு யாரும் இருந்தால் எழுதுங்கள்.

மன்னார், மாந்தைப் பக்கத்திலிருந்து

அக்கா, வாசித்துவிட்டு நெடுநேரம் எழுத முடியவில்லை.

நான் 1990இல் படகில் போய் மண்டபம் முகாமில் இருந்தவன். பின்னர் சென்னையில் வேதியியல் படித்தேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்குகிறது. எங்கள் விரிவுரையாளர் ஒருநாள் அங்கே அழைத்துப் போனார்.

மேசையில் ஒரு சாண் உயர அம்மன், செப்புத் திருமேனி. இடுப்பருகே வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தது. வழவழப்பான கரும்பச்சை என்றால் பயமில்லை, அது உலோகத்துக்குப் போர்வை மாதிரி. இந்தப் பொடிதான் நோய். மண்ணிலிருந்து ஏறிய குளோரைட்டு, ஈரமும் காற்றும் கிடைக்கும்வரை உள்ளே அரித்துக்கொண்டே போகும். அங்கிருந்தவர் உருப்பெருக்கியின் கீழ் வைத்து, சத்திரக் கத்தி முனையால் பொடியை மட்டும் சுரண்டினார். பிறகு காரக் கரைசலில் ஊறவைத்தல். வாரக்கணக்கில் ஊறும், நீரை மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். சோதனை என்ன தெரியுமா? நம் உயர்தர வகுப்பில் செய்யும் அதே வெள்ளி நைத்திரேற்றுச் சோதனை! வெண்ணிற வீழ்படிவு வந்தால் குளோரைட்டு இன்னும் இருக்கிறது, மறுபடி ஊறட்டும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒன்று ஓர் அம்மனைக் காப்பாற்றுவதைக் கண்டேன். நான் ஆசிரியரானதற்கு அந்த மேசையும் ஒரு காரணம்.

ஊர் திரும்பியபின் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில், போருக்கு முன் புதைத்த உற்சவமூர்த்தியை எடுத்தார்கள். நான் போவதற்குள் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்து முடித்துவிட்டார்கள். மூக்கின் கூர்மையும் கை விரல் ரேகைகளும் மழுங்கிவிட்டன. பக்தியோடு செய்ததுதான், அதனால் யாரையும் குறை கூற மனம் வரவில்லை. குருக்கள் ஐயாவிடம் பேசினேன். "அபிஷேகம் இல்லாமல் சாமியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். வழிபாட்டில் இருக்கும் மூர்த்திக்கு அருங்காட்சியகத்தின் சட்டம் முழுவதும் பொருந்தாது. அபிஷேகம் முடிந்ததும் நல்ல நீர் விட்டுக் கழுவி, மென்துணியால் ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பது, புளி மட்டும் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார். இன்றுவரை அப்படியே நடக்கிறது.

அக்கா, அந்தக் கட்டை முழுவதும் ஒரே நாளில் நனைக்காதீர்கள். முதலில் கட்டை அப்படியே எல்லாப் பக்கமும் படம் பிடித்து வையுங்கள். பிறகு ஓரத்தில், போனாலும் தாங்கக்கூடிய ஒன்றில் தொடங்குங்கள்.

முல்லைத்தீவிலிருந்து

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் வைத்திய ஏடுகள் இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஏடுகளை மின்வருடிப் பதிவுசெய்ய இருவர் வந்தார்கள். அதில் ஒரு தங்கைக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஓலையின் நீளவாக்கில் மட்டும் மென்தூரிகையை ஓட்டினாள். குறுக்கே ஓட்டினால் ஓலை நார் பிளக்குமாம். எலுமிச்சைப் புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவினாள். கரி மங்கி எழுத்துத் தெரியாத ஓர் ஓலையில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசித் துடைத்தாள். கரி எழுத்தாணிக் கீறலுக்குள் மட்டும் நின்றது. வெறும் ஓலையில் வரி வரியாக எழுத்து எழும்பி வந்ததைப் பார்த்து அம்மம்மா கைகூப்பினார்.

"எங்கே வைத்திருந்தீர்கள், பூச்சி அரிக்கவில்லையே?" என்று அவள் கேட்டாள். அடுப்படிப் பறணில், புகை படும் இடத்தில் என்றோம். நல்ல இடம்தான் என்றாள்.

மறுபடி கிளிநொச்சியிலிருந்து

சேர், நீங்கள் சொன்னபடி படம் பிடித்துவிட்டேன். சனிக்கிழமை அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, கட்டின் அடியில் தனியாகப் பெயர்ந்துகிடந்த சிறு அடுக்கை மட்டும் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், விடவில்லை. முன்பென்றால் இழுத்திருப்பேன். தண்ணீரை மாற்றிவிட்டுப் போய்ச் சமைத்தேன். பின்னேரம் வந்து பார்த்தபோது மேல் படம் தானாக மிதந்துகொண்டிருந்தது. எங்கள் பழைய வீட்டு முற்றம், மாமரம், அதில் கட்டிய ஊஞ்சல். ஒரு மூலை மட்டும் வெளிறியிருக்கிறது.

கொடியில் தொங்கவிடவில்லை. வெள்ளைத் துணியில் முகம் மேலாக வைத்து, நிழலில் காய்கிறது.