மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமத்துக்கு முன் அவசரப் பிரேக் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டுமா?

சீரோட்டம்:
உரிமத் தேர்வில் எட்டு வடிவத்தில் மெதுவாக ஓட்டிக் காட்டுபவர் தம் சமநிலையை மட்டுமே நிரூபிக்கிறார். குறுக்கே ஒரு கார் திடீரெனத் திரும்பினால் அவருடைய கையும் காலும் என்ன செய்யும் என்பதை அத்தேர்வு கேட்பதே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஆய்வாளர் ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விபத்துக்குள்ளானவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ உறவினர், நண்பர் வழியாகவோ ஓட்டக் கற்றவர்கள். பெரும்பாலோர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. அவசரப் பிரேக் பயிற்சியைக் கட்டாயமாக்க இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

மறுபக்கம்:
அதே அறிக்கையைச் சற்று மேலும் படியுங்கள், நண்பரே. வேறொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில் வழியுரிமையை, அதாவது முதலில் செல்லும் உரிமையை, மீறியவர் மற்ற வாகனத்தின் ஓட்டுநர். மோதலைத் தவிர்க்க மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்குக் கிடைத்த நேரமோ பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. அந்த இரண்டு நொடிக்காக நாள் முழுவதும் பயிற்றுவிப்பதைவிட, அந்த நிலைமையே வராதபடி சாலைச் சந்திப்பில் வரப்போவதை முன்கூட்டியே கணிக்கக் கற்றுத் தருவது மேல். மேலும், திறமைப் பயிற்சி துணிச்சலையும் சேர்த்தே வளர்க்கும். நார்வேயில் 1979இல் புதிய கார் ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தரைப் பயிற்சி கட்டாயமான பிறகு, இளம் ஆண்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடின.

சீரோட்டம்:
இரண்டு நொடி குறைவு என்பதே என் வாதத்துக்கு வலு. யோசித்துச் செய்ய நேரமில்லாதபோது பழகிய கைதான் செய்யும். பிரேக் பிடித்ததும் எடை முன்னோக்கி நகர்வதால் பின் சக்கரத்தின் பிடிமானம் குறைந்து, நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புபவருக்கு வேகக்குறைப்பு பாதியாகிறது என்று கொள்வோம்: மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரே இடத்தில் இருவரும் பிரேக் பிடித்தால், பயின்றவர் நிற்கும் புள்ளியை மற்றவர் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பார்.

பயிற்றுநர்:
இரண்டு வாதங்களிலும் ஒரு விடுபடல் உண்டு. முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் எடை முன்னே வருவதற்குள் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். ஆகவே படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டும் விரல்பழக்கமே உண்மையான பாடம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அந்தக் கவலை வெகுவாகக் குறைகிறது. தடையிலிருந்து சட்டென விலகுவதும் அப்படித்தான்: வலப்பக்கம் சாய வலக் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும் என்று சொன்னால் பாதிப்பேர் நம்புவதில்லை, செய்து பார்த்தே நம்புகிறார்கள். ஆனால் பயிற்சிக்குப் பின் பழகாவிட்டால் இவை மங்கிவிடும் என்பதையும் மறைக்கமாட்டேன்.

மறுபக்கம்:
மங்கிவிடும் திறமையைக் கட்டாயமாக்குவது எதற்கு? ஆய்வுச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010இல் வெளியிட்ட தொகுப்பு, மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளைப் பரிசீலித்தும், அவற்றின் தரக் குறைவால், எந்தப் பயிற்சி முறையையும் பரிந்துரைக்க முடியவில்லை.

பயிற்றுநர்:
சான்று போதவில்லை என்பதைப் பயனில்லை என்று படிக்கக் கூடாது. பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவர் நின்ற தூரத்தையும் தரையில் கோடு போட்டுக் காட்டுவது என் வழக்கம். தாம் எண்ணியதைவிட அக்கோடு தள்ளியே இருப்பதைக் கண்டவர்களுக்கு அசட்டுத் துணிச்சல் வரக் கண்டதில்லை.

மறுபக்கம்:
அந்தக் கோட்டை ஏற்கிறேன், கட்டாயத்தை ஏற்கவில்லை. சில மணி நேரமே கிடைக்கும் என்றால், சந்திப்பை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, விரல்களை முன் பிரேக்கின்மேல் வைத்துக்கொள்ளப் பழக்குவதற்கே அதில் பெரும்பகுதியைத் தருவேன்.

சீரோட்டம்:
விரலை வைத்த பிறகு எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை எந்த மணி நேரத்தில் சொல்லித் தருவீர்கள்?