தாயும் சேயும் வாட்டர்கலர்: கன்னமும் கழுத்தும் ஒட்டும் இடம் சேறாகிறது, உதவுங்கள்

நீலப்பூச்சு:
அக்காவையும் அவள் கைக்குழந்தையையும் போட்டோ பார்த்து வரைகிறேன். குழந்தை தோளில் சாய்ந்து தூங்குகிறது. பென்சில் வேலை சரியாக வந்துவிட்டது. கலர் வைத்ததும் குழந்தையின் கன்னம் அக்காவின் கழுத்தில் படும் இடம் மட்டும் கன்றிப்போன ஊதாவாகிறது. பக்கத்திலேயே காலிஃபிளவர் போலத் திட்டு வேறு. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பேப்பர். தோலுக்கு யெல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா, அலிசரின் கிரிம்சன் (அடர்சிவப்பு). நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலம், கறுப்பு.

பழையபேலட்:
முதலில் அந்தக் கறுப்பு டியூபை மூடி வையுங்கள். பர்ன்ட் சியன்னா ஆரஞ்சு சாய்ந்த பழுப்பு, அல்ட்ராமரைன் அதற்கு எதிர் நிறம். இரண்டும் சேர்ந்தாலே சாம்பல் வந்துவிடும். அதற்கு மேல் கிரிம்சனும் கறுப்பும் போனால் சேறுதான்.

தோலும் தோலும் ஒட்டும் இடுக்கில் வெளிச்சம் ஒன்றில் பட்டு மற்றொன்றுக்குத் திரும்பும். அதனால் அங்கே சூடான செம்பழுப்புதான் தெரியும். போட்டோ கறுப்பாகக் காட்டும், நம்பாதீர்கள். சியன்னாவையே கெட்டியாகக் கரைத்து, துளி கிரிம்சன் சேர்த்தால் போதும்.

திட்டு வருவது ஈரத்தால். பாதி காய்ந்த வாஷில் (தண்ணீராகக் கரைத்துப் பூசிய கலரில்) அதைவிட ஈரமான பிரஷ் பட்டால், புதுத் தண்ணீர் பழைய கலரை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பளபளப்பு அடங்கியதும் கை வைக்காதீர்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

ஈரத்தாள்:
இரண்டு முகத்தையும் தனித்தனியாக முடிக்கிறீர்களோ? முதல் வாஷை இருவருக்கும் சேர்த்தே போடுங்கள்: ஆக்கர், கொஞ்சம் கிரிம்சன், நிறையத் தண்ணீர். நன்றாகக் காய்ந்தபின் அக்காவுக்கு மட்டும் இரண்டாவது வாஷ். குழந்தை தானாகவே வெளுத்து முன்னே வரும். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890-91ல் செய்த தாய்-சேய் வண்ண அச்சுப்படங்களைத் தேடிப் பாருங்கள். முகங்கள் ஒட்டும் இடத்தில் மெல்லிய கோடுதான், கனத்த நிழலே இருக்காது.

அப்புறம், அடுத்த முறை 300 ஜிஎஸ்எம் காட்டன் பேப்பர் வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் துடைத்து எடுத்தாலும் நார் எழாது.

நீலப்பூச்சு:
நன்றி! சியன்னாவை ஓரத்தாளில் போட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரிகிறது. இப்போது கறுத்துவிட்ட இடத்தைக் காப்பாற்ற வழி உண்டா?

பழையபேலட்:
ஓரளவுக்கு உண்டு. சுத்தமான ஈரப் பிரஷால் மெதுவாக வருடி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். அல்ட்ராமரைன் பெரும்பாலும் எழும்பி வந்துவிடும். கிரிம்சன் கறையாக நிற்கும். அந்தச் சிவப்பு அங்கே வேண்டியதுதானே, விட்டுவிடுங்கள்.