அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் பாதுகாப்பாக இயக்குவது எப்படி?

கேள்வி: திருப்பூர்க் கணக்காளர்

அனைவருக்கும் வணக்கம். பின்னலாடை ஜாப் ஒர்க் செய்யும் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து தரும் அலுவலகம் ஒன்றைத் திருப்பூரில் நடத்தி வருகிறேன். 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று கெடு இருப்பதால் அந்த நாட்களில் வேலை நள்ளிரவு வரை நீள்கிறது. டேலி என்ற கணக்கியல் மென்பொருள் உள்ள அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்க வழி கேட்டபோது, எங்களுக்குக் கணினிப் பராமரிப்பு செய்து தருபவர் ரிமோட் டெஸ்க்டாப் என்ற விண்டோஸ் வசதிக்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல்) திறந்து அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டார். பழைய வரவுசெலவுகள் உள்ள இன்னொரு கணினிக்கு 3390 என்ற போர்ட்டையும் அதேபோலத் திறந்து வைத்துள்ளார்.

அலுவலகத்தில் நிலையான ஐபி முகவரியுடன் கூடிய ஃபைபர் இணைப்பு உள்ளது. டேலி இருப்பது விண்டோஸ் 10 ப்ரோவில். பழைய கணினியில் இருப்பது விண்டோஸ் 7. வீட்டு மடிக்கணினி விண்டோஸ் 11 ஹோம். வேலை தடையின்றி நடக்கிறது. ஆனால் அண்மையில் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தபோது, செக்யூரிட்டி பகுதி முழுவதும் 4625 என்ற எண்ணுடன் நுழைவு மறுக்கப்பட்ட பதிவுகள் வரிசையாக நின்றன. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், ஸ்கேனர் என்று எங்கள் அலுவலகத்தில் இல்லாத பெயர்கள். அவற்றுக்கிடையே ‘டேலி’ என்றும் ஒரு பெயர் இருந்தது. பராமரிப்பாளரிடம் சொன்னதும் 3389-க்குப் பதிலாக 50001 என்று மாற்றினார். சில நாட்கள் அமைதியாக இருந்தது, மீண்டும் தொடங்கிவிட்டது.

வேறு எண்ணுக்கு மாற்றினால் போதுமா? கட்டணம் செலுத்தி விபிஎன் (இணையத்தின் ஊடே மறைகுறியாக்கப்பட்ட தனி வழி) வாங்க வேண்டுமா? அல்லது எனிடெஸ்க் போன்ற, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலி ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லதா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோவை நெட்வொர்க் பணியாளர்

வணக்கம் அம்மா. மற்ற எதையும் முடிவு செய்யும் முன், இன்றே ரவுட்டரில் அந்த இரண்டு போர்ட் ஃபார்வர்டிங் பதிவுகளையும் நீக்கிவிடுங்கள். ஓரிரு நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாமல் போவது, வாடிக்கையாளர்களின் கணக்குகள் முழுவதும் பூட்டப்பட்டுப் பணம் கேட்கும் அறிவிப்பைத் திரையில் பார்ப்பதைவிடச் சிறிய இடைஞ்சல்தான். தர்மா என்ற பெயரில் அறியப்படும் ரான்சம்வேர் வகை சிறு அலுவலகங்களுக்குள் நுழைந்தது பெரும்பாலும் இப்படித் திறந்து கிடந்த ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத்தான்.

போர்ட் எண்ணை மாற்றுவது, பூட்டை மாற்றாமல் கதவிலக்கத்தை மட்டும் மாற்றி எழுதுவதைப் போன்றது. இணையத்திலுள்ள ஐபிவி4 முகவரிகள் அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று, ஒரு ஜிகாபிட் இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட முடியும் என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-லேயே ஸீமேப் என்ற கருவியால் காட்டிவிட்டார்கள். ஒரே முகவரியின் 65,535 போர்ட்களையும் தட்டிப் பார்ப்பது அதைவிட எளிது. எந்த எண்ணில் வைத்தாலும், தட்டியவருக்கு ரிமோட் டெஸ்க்டாப் தன்னை இன்னதென்று காட்டிக்கொண்டே பதில் தரும். நீங்கள் கண்ட சில நாள் அமைதி, உங்கள் புதிய எண் அவர்கள் பட்டியலில் ஏற எடுத்துக்கொண்ட காலம்.

விண்டோஸ் 7 கணினியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 2019 மே மாதத்தில் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஓட்டை, பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்கப்படும் முன்பே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய இடம் தந்தது. அது எவ்வளவு தீவிரமானது என்றால், ஆதரவு நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. அந்தக் கணினியை எந்த வழியிலும் வெளியே காட்டாதீர்கள். அதிலுள்ள பழைய கணக்குகளை வேறு கணினிக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போர்ட்டுகளை மூடிய பிறகு, ஏற்கெனவே எவரேனும் உள்ளே வந்திருக்கிறார்களா என்று பாருங்கள். 4625 என்பது தோல்வி. நீங்கள் தேட வேண்டியது 4624 என்ற எண்ணில், லாகான் டைப் 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழியான நுழைவு) என்று குறிக்கப்பட்ட வெற்றிப் பதிவுகளை. அவற்றில் உள்ள நேரத்தையும் ஐபி முகவரியையும் நீங்கள் வேலை செய்த இரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோல்விப் பதிவுகளில் 10-க்குப் பதிலாக 3 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். திரை திறக்கும் முன்பே கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயங்கும் கணினியில் அவை அப்படித்தான் பதிவாகும். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் நீங்கள் உருவாக்காத பயனர் எவரும் இருக்கிறாரா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படி ஏதேனும் தென்பட்டால், டேலி தரவை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே சரி.

இனி வழிக்கு வருவோம். ரிமோட் டெஸ்க்டாப்பில் குற்றமில்லை. அதை நேரடியாக இணையத்தின் முன் நிறுத்துவதுதான் தவறு. அதற்கு முன்னால் மறைகுறியாக்கப்பட்ட ஒரு தனி வழியை அமைத்து, அந்த வழியில் வந்தவருக்கு மட்டும் ரிமோட் டெஸ்க்டாப் கண்ணில் படும்படி செய்ய வேண்டும். நீங்கள் கேட்ட கட்டண விபிஎன் இதற்கு உதவாது. விளம்பரங்களில் வரும் அந்தச் சேவைகள் உங்கள் இணையப் போக்குவரத்தை அவர்களுடைய சர்வர் வழியாக வெளியே அனுப்புபவை. உங்கள் வீட்டையும் அலுவலகத்தையும் அவை இணைப்பதில்லை.

உங்களிடம் நிலையான ஐபி இருப்பதால் நான் பரிந்துரைப்பது, அத்தகைய தனி வழியை நீங்களே அமைத்துக்கொள்ள உதவும் வயர்கார்ட் என்ற மென்பொருள். இது இலவசம், 2020-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 5.6 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸுக்கும் தனிச் செயலி உண்டு. இரு கணினிகளிலும் நிறுவி, ஒவ்வொன்றிலும் தனிச்சாவி, பொதுச்சாவி என்ற ஒரு சாவி இணையை உருவாக்க வேண்டும். தனிச்சாவி அந்தந்தக் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச்சாவியை மட்டும் எதிர்ப்பக்கத்தில் பதிய வேண்டும். அலுவலகக் கணினிக்கு 10.8.0.1, மடிக்கணினிக்கு 10.8.0.2 என்பது போல உள்முகவரிகளைக் கொடுத்து, ரவுட்டரில் 51820 என்ற யுடிபி (தரவு அனுப்பும் முறைகளில் ஒன்று) போர்ட்டை மட்டும் அலுவலகக் கணினிக்குத் திருப்புங்கள். இதுவும் ஒரு போர்ட்டைத் திறப்பதுதானே என்று தோன்றலாம். வேறுபாடு என்னவென்றால், சரியான சாவி இல்லாமல் வரும் எந்தப் பொட்டலத்துக்கும் வயர்கார்ட் பதிலே தராது; தட்டிப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது.

மடிக்கணினியின் அமைப்பில், அனுமதிக்கப்பட்ட முகவரிகள் என்ற இடத்தில் அலுவலகக் கணினியின் உள்முகவரியை மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் வீட்டில் பார்க்கும் யூடியூப் வரை அலுவலக இணைப்பைச் சுற்றி வரும். பிறகு அலுவலகக் கணினியின் விண்டோஸ் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் 10.8.0.0/24 என்ற வரம்பிலிருந்து (10.8.0 என்று தொடங்கும் முகவரிகள்) வருபவருக்கு மட்டும் அனுமதி என்று மாற்றுங்கள். அலுவலகத்துக்குள்ளேயே வேறொரு கணினியில் வைரஸ் புகுந்தாலும் அது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இந்தக் கணினிக்குள் வருவதை இந்த விதி தடுக்கும். மடிக்கணினி தொலைந்துபோனால், அதன் பொதுச்சாவியை அலுவலகக் கணினியிலிருந்து நீக்கினால் போதும், அத்துடன் அதற்கு வழி அடைந்துவிடும்.

பதில் 2: மதுரை கணினி ஆசிரியர்

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு நிலையான ஐபி இருக்காது. ரவுட்டரின் வான் முகவரி (இணையப் பக்கத்து முகவரி) 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் தொடங்கினால், இணைய இணைப்பு தரும் நிறுவனம் ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது என்று பொருள். அந்த இணைப்பில் நீங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. வீட்டு இணைப்பு அப்படி இருந்தால் கவலையில்லை, ஏனெனில் அழைப்பது அந்தப் பக்கம். அழைக்கப்படும் அலுவலகப் பக்கம் அப்படி இருந்தால்தான் சிக்கல்.

அலுவலகப் பக்கம் அப்படி உள்ளவர்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற சேவை பொருந்தும். உள்ளே இருப்பது வயர்கார்ட்தான்; சாவி பரிமாற்றத்தையும், இருபுறமும் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் உண்டு. அலுவலகப் பயன்பாட்டுக்கு விதிமுறைகளைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

இரண்டு இடங்களில் மட்டும் பலர் தடுக்கி விழுகிறார்கள். விண்டோஸில், பயனர் லாக் ஆஃப் செய்ததும் டெயில்ஸ்கேலும் துண்டித்துக்கொள்ளும். அலுவலகக் கணினி யாரும் உள்நுழையாமலேயே இணைப்பில் இருக்க வேண்டுமானால் அன்அட்டென்டட் என்ற தேர்வை இயக்கியிருக்க வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு கணினியின் சாவியும் இயல்பாக 180 நாட்களில் காலாவதியாகும். மடிக்கணினிக்கு அது நல்லதே. ஆளில்லாத அலுவலகக் கணினிக்கு அதை நிறுத்திவைக்காவிட்டால், ஏதோ ஒரு 20-ஆம் தேதி இரவில்தான் அது உங்களைக் கைவிடும். மேலும், டெயில்ஸ்கேலுக்குள் நுழையப் பயன்படும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்குதான் இப்போது உங்கள் அலுவலகத்தின் திறவுகோல். அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

பதில் 3: சென்னை வாசகர்

இவ்வளவு சுற்று எதற்கு என்று தோன்றுகிறது. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை ஐந்து நிமிடத்தில் வேலை செய்கின்றன. அவற்றின் இணைப்பும் மறைகுறியாக்கப்பட்டதுதான்.

பதில் 4: கோவை நெட்வொர்க் பணியாளர்

ஐயா, அந்தச் செயலிகளைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வெளியூரில் இருக்கும் அப்பாவின் கணினியில் பிரின்டர் வேலை செய்யவில்லை என்றால் நானும் அவற்றைத்தான் நாடுவேன். அவர் திரையின் முன்னே அமர்ந்து, அனுமதி கொடுத்து, முடிந்ததும் மூடிவிடுவார். ஆளில்லாத நேரத்தில் நுழைவதற்கென்று நிரந்தரக் கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டால், அது மறுபடியும் ஒரே கடவுச்சொல்லை நம்பி நிற்கும் ஏற்பாடாகிவிடுகிறது. அத்துடன் உங்கள் பாதுகாப்பு இன்னொரு நிறுவனத்தின் பாதுகாப்பையும் சார்ந்துவிடுகிறது. தனது முக்கிய சர்வர்களுக்குள் ஊடுருவல் நிகழ்ந்ததாக எனிடெஸ்க் நிறுவனமே 2024 பிப்ரவரியில் அறிவித்தது. டெயில்ஸ்கேலிலும் இத்தகைய சார்பு ஓரளவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே தனிச்சாவி உங்கள் கணினியிலேயே இருக்கிறது, அதைத் தாண்டிய பிறகும் விண்டோஸின் கடவுச்சொல் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி இத்தகைய செயலியை நிறுவச் செய்து, திரையில் தெரியும் எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தை எடுக்கும் மோசடியைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. எண்ணைத் தொலைபேசியில் சொல்லிப் பழகிய ஊழியர் இருக்கும் அலுவலகத்தில் அந்தப் பழக்கமே ஆபத்து.

கேள்வியாளர்: திருப்பூர்க் கணக்காளர்

அனைவருக்கும் நன்றி. போர்ட்டுகளை மூடிவிட்டோம், 4624 பதிவுகளில் எங்களுடையதைத் தவிர வேறு எதுவும் இல்லை. வயர்கார்ட் இணைப்பும் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து சோதித்தபோது வேலை செய்தது. இப்போது இரண்டு சிக்கல்கள். முதலாவது, அலுவலகக் கணினியில் நாங்கள் தினமும் இடும் நான்கு இலக்கப் பின் எண்ணை ரிமோட் டெஸ்க்டாப் ஏற்க மறுக்கிறது. முன்பு பராமரிப்பாளர் உருவாக்கிக் கொடுத்த அட்மின் கணக்கில் மட்டுமே நுழைந்துவந்தேன். இரண்டாவது, நான் நுழைந்ததும் அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் ஊழியரின் திரை பூட்டிக்கொள்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் டேலியில் வேலை செய்ய வேண்டும். அதற்கென்று ஒரு சிறு மென்பொருள் இருப்பதாகப் பராமரிப்பாளர் கூறுகிறார், நிறுவலாமா?

பதில் 5: கோவை நெட்வொர்க் பணியாளர்

பின் எண் அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. தொலைவிலிருந்து வரும்போது முழுக் கடவுச்சொல்தான் செல்லும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் தொலைவிலிருந்து அனுமதிப்பதில்லை. ரிமோட் வேலைக்கென்று தனியாக ஒரு லோக்கல் கணக்கை உருவாக்கி, நீண்ட கடவுச்சொல் வைத்து, அதை ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் சேருங்கள். டேலியில் பதிவு போட அட்மின் உரிமை தேவையில்லை. ஆகவே அந்தக் கணக்குக்கு அதைத் தர வேண்டாம். பழைய அட்மின் கணக்கின் கடவுச்சொல்லையும் இத்துடன் மாற்றிவிடுங்கள்.

திரை பூட்டிக்கொள்வது கோளாறு அன்று. விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இயங்க முடியும். பலர் இயங்க வேண்டுமானால் விண்டோஸ் சர்வரும் அதற்கான தனி உரிமங்களும் தேவை. பராமரிப்பாளர் சொல்லும் மென்பொருள் அந்தக் கட்டுப்பாட்டைப் புறக்கணிக்கச் செய்யும் ஒட்டுவேலை. அது உரிம நிபந்தனைக்கு மாறானது. விண்டோஸ் அப்டேட் வந்ததும் நின்றுபோகக்கூடியது. அது நிற்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்டேட்டை நிறுத்தி வைக்கும் அலுவலகங்களும் உண்டு. நிறுவாதீர்கள்.

அதற்குப் பதிலாக, உங்களிடம் டேலியின் பல பயனர் உரிமமான கோல்டு இருந்தால், அலுவலகத்தில் நீங்கள் வழக்கமாக அமரும் உங்கள் சொந்தக் கணினியிலும் விண்டோஸ் ப்ரோ, வயர்கார்ட் இரண்டையும் வைத்து, வீட்டிலிருந்து அதற்குள் நுழையுங்கள். அங்கிருந்து டேலி, அலுவலக நெட்வொர்க் வழியாகத் தரவைத் திறந்துகொள்ளும், ஊழியரின் திரையை யாரும் தொட மாட்டார்கள். இரண்டு கணினிகளுக்கும் தனித்தனிச் சாவிகள் வேண்டும்; ரவுட்டரில் இரண்டாவதற்கு 51821 என்று இன்னொரு யுடிபி எண்ணைத் திருப்பிவிடலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்குப் பிறகு கணினி தானாக எழ வேண்டுமானால், பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் இயங்கு என்ற தேர்வை இயக்கி, விண்டோஸில் ஸ்லீப்பை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு வாட்ச்மேனை அழைத்துத்தான் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.