கல்லடிக் கரையில் நச்சுப் பாசிப் பெருக்கைக் கண்காணிக்கச் செய்மதிப் படம் மட்டும் போதுமா?

கல்லடி ஆசிரியர்:

வணக்கம். எமது பாடசாலையின் சுற்றாடல் கழக மாணவர்களைக் கொண்டு, மட்டக்களப்பில் கல்லடி முதல் நாவலடி வரையான கரையில் நுண்பாசிகளின் பெருக்கத்தை ஒழுங்காகப் பதிவுசெய்யலாமா என எண்ணுகிறேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் அசையாது கிடக்கும் நாட்களில் மரத்தூளைத் தூவியதுபோன்ற பழுப்புப் படை கரையில் ஒதுங்குவதையும், வாடை என்னும் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்பட்டபின் வாவி நீர் கலங்கலாகக் கடலுக்குள் நீளுவதையும் இங்குள்ளவர்கள் அறிவார்கள். ஆனால் எந்த நிறமாற்றம் ஆபத்தானது, எது வழமையானது என்று கேட்டால் ஆளுக்கொரு விடை கிடைக்கிறது. எம்மிடம் ஒரு பாடசாலை நுணுக்குக்காட்டியும் வெப்பமானியும் உள்ளன. செய்மதிப் படங்கள் இலவசமாகக் கிடைப்பதால் அவற்றைப் பார்த்துக்கொண்டாலே போதும் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரியா? நீர் மாதிரி எடுப்பதாயின் எதனை, எப்படி எடுப்பது?

வந்தாறுமூலை நீரியலாளர்:

உங்கள் நண்பர் கூறுவது பாதி சரி. செய்மதி காண்பது நீரின் நிறத்தை. அந்த நிறத்திலிருந்து பச்சையத்தின் அளவு கணிக்கப்படுகிறது. அங்கிருப்பது எந்த இனம், அது நச்சை உருவாக்குகிறதா என்பவற்றை எந்தப் படமும் சொல்லாது. சென்டினல்-3 செய்மதிப் படத்தின் ஒரு புள்ளி 300 மீற்றர் அகலமானது என்பதால், நீங்கள் குறிப்பிடும் ஒடுங்கிய கரையில் மணலும் நுரையும் நீரும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். சென்டினல்-2 10 மீற்றர் நுணுக்கத்தில், ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படம் தருகிறது. முகத்துவாரத்திலிருந்து வெளியேறும் கலங்கல் எங்கே போகிறது என்பதை அறிய அது மிகவும் உதவும். ஆனால் வயல்களின் உரம் மழைநீரோடு வாவிக்கு வந்து கடலில் கலக்கும் வாடை மாதங்களில்தான், அதாவது நமக்குப் படம் அதிகம் தேவைப்படும் வேளையில்தான், முகில் வானத்தை மூடிக்கொள்கிறது.

அந்தப் பழுப்புத் தூள் பெரும்பாலும் டிரைக்கோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். வெப்பமான, அமைதியான நீரில் அது மேற்பரப்புக்கு மிதந்து வரும். பாடசாலை நுணுக்குக்காட்டியின் குறைந்த உருப்பெருக்கத்திலேயே இழைகள் கற்றையாகத் தெரியும். இரவில் அலை நீல ஒளியுடன் உடைந்தால் நொக்டிலூக்கா என்னும் ஒளிரும் நுண்ணுயிரைச் சந்தேகியுங்கள். அதன் ஒரு கலம் ஒரு மில்லிமீற்றரை அண்மிக்கக் கூடியதாகையால், கண்ணாடிக் குவளையில் அள்ளிப் பிடித்தாலே கண்ணுக்குப் படும். 2019 செப்டெம்பரில் மன்னார் வளைகுடாவின் இந்தியக் கரையில், மண்டபம், பாம்பன் பகுதிகளில், கடல் பச்சையாக மாறி மீன்கள் இறந்து ஒதுங்கியதற்குக் காரணம் இதுவே. இது நரம்பைத் தாக்கும் நச்சு எதையும் உருவாக்குவதில்லை. தன்னுள் சேரும் அமோனியாவாலும், பெருகி அழுகும்போது நீரின் ஒட்சிசனை உறிஞ்சிவிடுவதாலும் மீன்களைக் கொல்கிறது. மாறாக, மட்டிகளில் நச்சைச் சேர்க்கும் சில இனங்கள் நிறமாற்றமே தெரியாத செறிவிலும் கேடு செய்யும். ஆகவே நிறத்தை நஞ்சின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். என் பார்வையில் இது ஒன்றைத்தான் மாணவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

மாதிரி எடுக்கையில், அடிமணலைக் கலக்காமல் இடுப்பளவு நீருக்குச் சென்று, போத்தலை மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே நிரப்புங்கள். நுண்வலையில் வடித்த மாதிரி எந்த இனங்கள் உள்ளன என்று காட்டும். எண்ணிக்கைக்கு அது உதவாது, ஏனெனில் சிறிய கலங்கள் வலைக் கண்ணால் நழுவிவிடும். எனவே வடிக்காத நீரிலிருந்து இரு போத்தல்கள் எடுங்கள். ஒன்றை உயிருடன் அன்றைக்கே பாருங்கள். மற்றதில் நீர் இளம் பழுப்பாகும்வரை கலங்களைக் கெடாமல் காக்கும் லூகோல் அயடீன் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, ஒளி படாத இடத்தில் வையுங்கள். ஒளி பட்டால் அயடீனின் நிறம் மங்கிப் பாதுகாப்பும் போய்விடும். வெப்பநிலை, உவர்த்தன்மை, காற்றின் திசை, முகத்துவாரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பவற்றையும் அதே தாளில் குறியுங்கள். ஒட்சிசன் அளக்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடியுமுன் அளப்பதே பயனுள்ளது, இரவு முழுவதும் பாசி சுவாசித்து முடித்த நேரம் அதுதான்.

எல்லாவற்றிலும் மேலாக, கடல் தெளிவாக இருக்கும் நாட்களிலும் போய் எடுங்கள். நிறம் மாறியபின் மட்டும் ஓடும் கண்காணிப்பில், வழமை எது என்பதற்கான பதிவு ஒருபோதும் சேராது.

பாசிக்குடாப் படகோட்டி:

செய்மதி பற்றி ஐயா கூறியதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் குடாவில் வெகுதூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது; அடியிலுள்ள மணலும் பாறையும் கடற்புல்லும் மேலிருந்து அப்படியே தெரியும். படத்தில் அடர் பச்சையாகக் காணப்பட்ட ஓரிடத்துக்குப் படகை விட்டுப் பார்த்தபோது அங்கே இருந்தது புல்தரை மட்டுமே. கரைவலை இழுப்பவர்களையும் உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வலை வழுவழுப்பாக வருகிறதா, மீன் விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்பதை எவரையும் விட முன்னதாக அவர்களே காண்கிறார்கள்.

கல்முனை, ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:

குளிப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கவலை தருவது மட்டியும் சிப்பியும். 1997 இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டு ஏழு பேர் இறந்தனர் என்பதை இத்துறையினர் அறிவர். சக்சிடொக்சின் போன்ற நச்சுகள் அவித்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை. உதடும் விரல் நுனியும் விறைப்பதிலிருந்து தொடங்கி மூச்சுத் தசைகள்வரை செயலிழக்கலாம். மாற்று மருந்து கிடையாது, செயற்கைச் சுவாசமே உயிர் காக்கும். ஆகவே மட்டி உண்டபின் விறைப்பு என்று ஒருவர் சொன்னால், ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, ஆசிரியரே. மாணவர்களின் தாளில் "பாதுகாப்பானது" என்னும் சொல் இடம்பெறவே கூடாது. "இன்று இதனைக் கண்டோம்" என்று மட்டும் எழுதச் செய்யுங்கள். சந்தேகம் எழுந்தால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கும் மாவட்டக் கடற்றொழில் அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். மாதிரியை நாரா என்னும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தினரிடம் காட்ட அவர்கள் வழி சொல்வார்கள்.

கல்லடி ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. புளோரிடாவில் லீற்றருக்கு 5,000 கலங்களைத் தாண்டினால் மட்டி அறுவடையை நிறுத்துகிறார்கள் என வாசித்தேன். அந்த எல்லையை நாங்களும் பின்பற்றலாமா?

வந்தாறுமூலை நீரியலாளர்:

வேண்டாம். அந்த எண் கரேனியா பிரேவிஸ் என்னும், மெக்சிக்கோ வளைகுடாவுக்குரிய ஓர் இனத்துக்கு வகுக்கப்பட்டது. எனினும் அதிலிருந்து ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளலாம்: அந்த இனம் லீற்றருக்கு ஏறத்தாழ 50,000 கலங்கள் ஆனபின்னரே செய்மதிக்குத் தென்படுகிறது, அதாவது மட்டிக்கான எல்லையைப் பத்து மடங்கு கடந்தபிறகு. உங்கள் நண்பரிடம் இதனைச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியை நுணுக்குக்காட்டியில் பொருத்தி ஒளிப்பதிவு எடுக்கும் முறையையும் அங்கே தன்னார்வலர்கள் பயன்படுத்துகிறார்கள். அது உங்கள் மாணவர்களுக்கு இன்றே கைகூடும். பதிவுகளைத் திகதியிட்டு அனுப்பினால் இனங்களை அடையாளங்காண உதவுகிறேன். லூகோல் கரைசலுக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் அயடீனும் பொற்றாசியம் அயடைட்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.