சுத்தியல் பட்ட பேரிங் உருப்படுமா?

பட்டறைக்காரன்: "அழுத்தி இறக்கும் பிரஸ் எந்திரம் இல்லாதவர் வண்டிச் சக்கரத்தின் பேரிங்கைத் தொடவே கூடாது, சுத்தியல் பட்டால் பேரிங் செத்தது" என்று கோவைவாசி நேற்று அருளிய வாக்கைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் குழியில் இறுக்கமாக உட்காருவது பேரிங்கின் வெளி வளையம்; அதற்கும், நடு அச்சான ஆக்சில் நுழையும் உள் வளையத்துக்கும் இடையில்தான் குண்டுகள் உருளும். வெளி வளையத்தின் அளவே உள்ள சாக்கெட்டை, அதாவது நட்டு கழற்றும் குழல் கருவியை, அதன்மேல் வைத்துத் தட்டினால், அடி குண்டுகள் வழியாகப் போவதே இல்லை. உள் வளையத்தில் தட்டுகிறவன்தான் குண்டுகளை ஓடுபாதையில் பதியவைத்துவிட்டு, பிறகு சக்கரம் சுற்றும்போது கேட்கும் கரகரப்புக்குக் கம்பெனியைத் திட்டுவான்.

கோவைவாசி: ஐயாவின் பெயரில் பட்டறை இருக்கிறது, பட்டறையில் பிரஸ்தான் இல்லை போலும். சாக்கெட் சற்று நழுவினால் பேரிங் சாய்ந்து இறங்கி, ஹப்பின் அலுமினியத்தைச் சுரண்டிவிடும். பிறகு இருநூறு ரூபாய் பேரிங்குக்காக ஹப்பையே மாற்ற வேண்டியிருக்கும். எனவே மீண்டும் சொல்கிறேன், சுத்தியல் கூடாது.

பட்டறைக்காரன்: சாய்ந்து இறங்கினால் கைக்கே தெரியும். தெரியாத கை பிரஸ்ஸைப் பிடித்தாலும் சாய்த்துத்தான் இறக்கும். அதோடு, ஹப்பின் அலுமினியம் சூட்டில் பேரிங்கின் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பேரிங்கை ஈரம் படாமல் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஹப்பை ஹீட் கன்னால் சூடாக்கினால், முக்கால்வாசி தூரம் அது தானே இறங்கும், மீதிக்குத்தான் சுத்தியல். அடியில் போய் உட்கார்ந்ததும் ஓசை 'கணீர்' என்று மாறும், அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

மதுரைமைனர்: சாக்கெட் எதற்கு அண்ணே? கழற்றிய பழைய பேரிங்கையே புதியதன் மேல் வைத்து அடித்தால் அளவு அச்சாகப் பொருந்துமே!

பட்டறைக்காரன்: பொருந்தும் தம்பி, பொருந்திய பின் அதுவும் சேர்ந்து குழிக்குள் மாட்டிக்கொள்ளும். பழையதன் வெளிப்புறத்தைக் கிரைண்டரில் சுற்றிலும் கொஞ்சம் தேய்த்துவிட்டு வைத்தால் எளிதாக வெளியே வரும்.

கோவைவாசி: ஆக, சுத்தியலுக்குத் துணையாகக் கிரைண்டரும் வந்துவிட்டது. அடுத்து கடப்பாரையா?

இரட்டைச்சக்கரம்: இருவரும் சுத்தியலை விட்டுவிட்டு ஸ்பேசரைப் பற்றிப் பேசலாமே! ஒரு பக்கத்துப் பேரிங்கை முழுவதும் இறக்கி, நடுவில் ஸ்பேசர் குழாயைப் போட்டு, மறுபக்கத்துப் பேரிங் அந்தக் குழாயைத் தொடும் வரை மட்டுமே இறக்க வேண்டும். குழாயைப் போட மறந்தவர் ஆக்சில் நட்டை இறுக்கும்போது, உள் வளையங்கள் இரண்டும் உள்நோக்கி இழுபட்டு, நல்ல பேரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

பட்டறைக்காரன்: அதை யார் மறுத்தார்கள்? ஸ்பேசர் விஷயம் பட்டறையில் எடுபிடி வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். இங்கே கேள்வி சுத்தியல்.

கோவைவாசி: அதேதான். சுத்தியல் கூடாது.

பட்டறைக்காரன்: 2ஆர்எஸ் பேரிங்கின் ரப்பர் மூடியைப் பெயர்த்தெடுத்து உள்ளே கிரீஸ் அடைக்கச் சொன்ன மகான் தாங்கள்தானே? இரு பக்கமும் மூடி, கிரீஸ் போட்டு வரும் பேரிங்கைத் திறந்து மண்ணை வரவேற்கச் சொன்னவர், இன்று என் சுத்தியலைக் குறை சொல்கிறார்.

கோவைவாசி: பழைய கணக்கை எதற்கு இழுக்கிறீர்கள்? நான் சொன்னது நாள்பட்ட பேரிங்குக்கு.

மதுரைமைனர்: நாள்பட்ட பேரிங்குக்குக் கிரீஸ் எதற்கு? தூக்கி எறிய வேண்டியதுதானே!

கோவைவாசி: தம்பி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதீர்கள்.

பட்டறைக்காரன்: அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். மரை போட்ட நீண்ட கம்பியான ஸ்டட், இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள் இருந்தால், வெளி வளையத்தில் வாஷரை அமர்த்தி, ஸ்பானரால் இறுக்கியே பேரிங்கை உள்ளே இழுத்துவிடலாம். அதையும் பிரஸ் என்று ஒத்துக்கொள்வீர்களா, இல்லை அதற்கும் ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

கோவைவாசி: அதில் சுத்தியல் இல்லையே! நான் சொன்னதும் அதுதானே?

பட்டறைக்காரன்: நேற்று பிரஸ் என்றீர்கள், இன்று ஸ்டட் போதும் என்கிறீர்கள். அந்தப் பதிவை அழித்துவிடாதீர்கள், நாளையும் வருவேன்.